பூட்டுக்கடைக்காரர் மனைவி ஓடிப்போன கதை

ஓடிப்போகவில்லை, ஓடிப்போகவில்லை என்று எத்தனை தடவை சொல்வது? ஓடிப்போகிறவள் அன்று சாயங்காலமே திரும்பி வந்து, மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை மடித்து எடுத்துக்கொண்டு போவாளா? அப்படி ஓடினால் அது ஓட்டமா, நடைப்பயிற்சியா?

பின் தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். புருஷன் உள்ளே வைத்துப் பூட்டினாராம், மகன் பூட்டை உடைத்தானாம், இவள் யாரோ ஒரு தடித்த ஆளோடு போய்விட்டாளாம். ஒரு பேச்சுக்குக் கண், காது, மூக்கு வைப்பார்கள், பார்த்திருக்கிறேன். இந்தப் பேச்சுக்கு மீசையும் தொப்பையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நான் எதிர்வீட்டில் குடியிருப்பவள். அவள் வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற இடம்தான். அவர்கள் வீட்டில் இருமினால் என் வீட்டுத் தட்டு அதிரும். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் வாயால் சொல்கிறேன், எழுதிக்கொள்ளட்டும்.

முதலில் ஒன்று. பூட்டு உடையவே இல்லை. இன்றைக்கும் அதே கதவில் அதே பூட்டு பளபளவென்று இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். உடைத்ததற்கும் திறந்ததற்கும் வித்தியாசம் தெரியாதவர்களெல்லாம் பூட்டைப் பற்றிப் பேச வந்துவிட்டார்கள்.

இன்னொன்று. இத்தனை பேசுகிற உங்கள் வீட்டுச் சாவியெல்லாம் யார் வெட்டியது? அவள்தான். கீழே தெருவோரம் இருக்கிற அந்தச் சின்னக் கடையில், பல் வெட்டாத சாவிகள் மழைத்தாரை மாதிரி தொங்குகிற சுவருக்குக் கீழே, அந்த அரைக்கிற மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, இருபது வருஷத்துக்கு மேலாக இந்தத் தெருவுக்கே சாவி வெட்டியவள். மாமியாருக்குத் தெரியாமல் அலமாரிக்கு இரண்டாவது சாவி வெட்டிக்கொண்டு போன மருமகள் யார், புருஷனுக்குத் தெரியாமல் மேசை டிராயரைத் திறக்க ஆசைப்பட்டவள் யார், வாடகைக்கு விட்ட வீட்டுக்குக் கள்ளச்சாவி வைத்திருக்கிற வீட்டுக்காரர் யார், எல்லாம் அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தாளா? அவள் நினைத்திருந்தால் இந்தத் தெருவில் பாதிக் குடும்பம் தனித்தனி அடுப்பு மூட்டியிருக்கும். அப்படிப்பட்டவளைப் பற்றித்தான் உங்களுக்கு நாக்கு நீளுகிறது.

அவள் கல்யாணமே ஒரு பூட்டில் ஆரம்பித்த கதை. அவள் அப்பா வீட்டில் ஒரு இரும்பு பீரோ மாட்டிக்கொண்டது. திறக்க வந்த இளவட்டம் காலையில் உட்கார்ந்தவர் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கேட்டார், விளக்கு கேட்டார், மறுபடியும் தண்ணீர் கேட்டார். அவள் எனக்குச் சொன்னாள், "அந்த பீரோவ நான் கொண்டை ஊசியாலயே திறந்திருப்பேன் பெரியம்மா. இந்த ஆளு என்னடா இப்படித் திணறுறாருன்னு பாவமா இருந்துச்சு." பாவப்பட்டுத்தான் கட்டிக்கொண்டாள். வந்த பிறகுதான் தெரிந்தது, அவர் தொழிலில் கெட்டிக்காரர், அன்றைக்குத் திணறினது பூட்டைப் பார்த்து அல்ல என்று. அது ஒன்றுதான் அவர் தன் வாழ்நாளில் வேண்டுமென்றே தாமதமாகத் திறந்த பூட்டு.

மனிதர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். ஆனால் உலகத்தில் எந்தக் கஷ்டம் வந்தாலும் அதற்கு ஒரு பூட்டு இருக்கிறது என்று நம்புகிற மனிதர். எலி வந்தால் அலமாரிக்குப் பூட்டு. பக்கத்து வீட்டுப் பூனை வந்தால் ஜன்னலுக்குப் பூட்டு. மகனுக்குக் கஷ்டம் வந்தபோது என்ன செய்திருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையன் காலேஜுக்குப் போன முதல் வருஷமே ஒரு மாதிரி ஆகிவிட்டான். வகுப்பில் உட்கார்ந்தால் நெஞ்சு படபடவென்று அடிக்குமாம், கை வேர்க்குமாம், சுவர் தன் மேல் சாய்கிற மாதிரி இருக்குமாம். இதை யாரிடம் சொல்வான்? அப்பாவிடம் சொன்னால் சுவருக்கு முட்டுக் கொடுக்க ஆள் பார்த்திருப்பார். கூடப் படித்த ஒருத்தன் ஒரு மாத்திரை கொடுத்தான். போட்டதும் நெஞ்சு அடங்கியது. அடங்கினது நல்லதுதானே என்று இன்னொன்று போட்டான். பிறகு மாத்திரை இல்லாமல் எழுந்திருக்க முடியவில்லை, போட்டால் உட்கார முடியவில்லை. காலேஜ் நின்றது. பேச்சு குழறியது. வீட்டில் சின்னச் சின்னச் சாமான் காணாமல் போனது.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். சும்மா வருவார்களா, ஆளுக்கு ஒரு வைத்தியத்தோடு வந்தார்கள். ஒருத்தர் சோம்பேறித்தனம் என்றார். ஒருத்தி காதல் தோல்வி என்றாள். பூட்டுக்கடைக்காரருடைய அண்ணன் சோபாவில் சாய்ந்துகொண்டு, "கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும். ஒரு நல்ல பொண்ணாப் பாரு" என்றார். எவன் வீட்டு மகளோ வந்து இவனுக்கு மாத்திரை மாதிரி வேலை செய்ய வேண்டுமாம். வேளைக்கு ஒரு பெண்ணா, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்க வாய் வந்தது, விருந்தாளியாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

அப்பா பூட்ட ஆரம்பித்தார். முதலில் மருந்துப் பெட்டி. பிறகு பீரோ, பிறகு சமையலறை அலமாரி, பிறகு பிரிட்ஜ். ஒரு சாவிக்கொத்து வளர்ந்து வளர்ந்து அவள் இடுப்பில் பூசணிக்காய் மாதிரி தொங்கியது. அவள் படியேறினால் மூன்றாவது மாடியில் கேட்கும். இந்தக் கட்டடத்துப் பெண்கள் அவளுக்குச் சாவிக்கொத்து என்றே பேர் வைத்துவிட்டார்கள். ஒரு கரண்டி சர்க்கரை கடன் கேட்கப் போனால் பேங்க் லாக்கர் திறக்கிற மாதிரி இரண்டு சாவி போட்டுத் திறந்து கொடுப்பாள்.

கடைசியில் அவன் அறைக்கே வெளியிலிருந்து பூட்டு போட்டார். ஆனால் ஒன்றை மறந்துவிட்டார். அந்தப் பையன் நடை பழகினதே கடையில் கிடந்த பழைய பூட்டுகளுக்கு நடுவில்தான். கிலுகிலுப்பைக்குப் பதில் சாவி வைத்து விளையாடியவன். ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டுத் திறந்தான், கதவிடுக்கில் தகட்டை விட்டுத் திறந்தான். அப்பா பூட்டை மாற்றினார், அவன் அதையும் திறந்தான். இன்னும் பெரிசாகப் போட்டார். அதற்கு அவனுக்குக் கொஞ்சம் அதிக நேரம் ஆயிற்று, அவ்வளவுதான். இதில் கொடுமை என்ன தெரியுமா? அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. ஒருநாள் படியில் நின்று என்னிடம் சொல்கிறார், "வெளிநாட்டுப் பூட்டு பெரியம்மா. கம்பெனிக்காரனே திறக்க முடியாதுன்னு சொன்னான். இவன் திறந்துட்டான். கை அப்படியே என் கை." மகன் அழிந்துகொண்டிருக்கிறான், அப்பா கையைப் பாராட்டுகிறார். அந்த வீட்டில் அது ஒரு விளையாட்டுப் போட்டி ஆகிவிட்டது. வெளியே போய் என்ன செய்கிறாய், ஏன் போகிறாய் என்று கேட்கப் பெற்றவர்கள் இரண்டு பேருக்குமே நேரம் இல்லை.

பிறகு அந்தப் பகல் வந்தது. என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். அவள் கதவைத் தட்டுகிறாள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், உள்ளேயிருந்து பதில் இல்லை. குறட்டை மாதிரி ஒரு சத்தம் மட்டும், விட்டு விட்டு. நான் போய்ப் பார்த்தால் இவள் இடுப்பிலிருந்து கொத்தை எடுத்து ஒவ்வொரு சாவியாகப் போடுகிறாள். இது பிரிட்ஜ் சாவி. இது பீரோ. இது போன மாதம் மாற்றிய பழைய பூட்டின் சாவி. ஊருக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சாவி வெட்டுகிறவளுக்குத் தன் பிள்ளை அறைச் சாவி எது என்று தெரியவில்லை. புருஷனைக் கூப்பிடலாம் என்றால் அவர் எங்கே? யாரோ ஒருத்தர் வீட்டுக் கதவு மாட்டிக்கொண்டதாம், அதைத் திறந்துவிடப் போயிருந்தார்.

கடைசியில் ஏதோ ஒரு சாவி சேர்ந்து கதவு திறந்தபோது பையன் உதடு நீலமாக இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது, கேட்டவர்களிடம் விஷக்காய்ச்சல் என்று சொல்லிவைத்தோம், பிழைத்தான். அவன் பிழைத்ததற்கு அந்தக் கொத்து காரணம் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ்தான் அவளை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அறையைப் பூட்டாதீர்கள், இப்படிக் கிடந்தால் யாரும் போய்ச் சேர முடியாது. மாத்திரையைத் திடீரென்று பிடுங்கவும் கூடாது, வலிப்பு வரும், டாக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். டயர் கடைக்கு மேலே போதை மீட்பு நிலையம் ஒன்று இருக்கிறது, வாரம் ஒருநாள் குடும்பத்தார் கூடிப் பேசுவார்கள், போய்ப் பாருங்கள்.

"அவன் வரமாட்டானே" என்றிருக்கிறாள் இவள்.

"அவன் வராட்டி என்னம்மா, நீங்க வாங்க" என்றாளாம் நர்ஸ்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் திருப்புளியை எடுத்து அந்த அறைப் பூட்டைக் கழற்றி எறிந்தாள். பூட்டுக்கடைக்காரர் துடித்துப் போய்விட்டார். பூட்டுக்காக அல்ல, திருகாணித் துளை பெரிதாகிவிட்டதாம்.

அந்த நிலையத்துக்கு அவள் போக ஆரம்பித்தாள். முதல் நாள் போய்விட்டு வந்து என் வாசலில் உட்கார்ந்தாள்.

"அங்க என்னடி பண்றீங்க?" என்றேன்.

"வட்டமா உக்காந்து அழறோம் பெரியம்மா. முறை வெச்சு."

"அழறதுக்கு எதுக்குடி டயர் கடை மாடி? இங்கயே அழலாமே."

"இங்க அழுதா எதுக்குன்னு கேப்பாங்க. அங்க கேக்க மாட்டாங்க."

அங்கே பேசுவதை வெளியே சொல்லக்கூடாது என்று கட்டுப்பாடாம். அதனால் யார், எவர் என்று சொல்லமாட்டாள். ஆனால் சிரிப்பை அடக்கத் தெரியாதே. வருகிற ஒவ்வொருத்தரும், "எங்க வீட்ல அந்த மாதிரியெல்லாம் இல்ல" என்றுதான் ஆரம்பிக்கிறார்களாம். என் பையன் நல்ல பையன், கூட்டாளிதான் கெட்டவன் என்கிறார்களாம். எல்லாருடைய பையனும் நல்லவன் என்றால் அந்தக் கெட்ட கூட்டாளி யார் வீட்டில்தான் பிறந்தான் என்று இவள் கேட்டுவிட்டாள். அப்புறம் ஒருத்தர் சிரிக்க ஆரம்பித்து, எல்லாரும் சிரித்து, கீழே டயர் கடைக்காரர் மேலே வந்து என்னவென்று எட்டிப் பார்த்தாராம்.

அங்கே கூட்டம் நடத்துகிற பெண்ணுக்கு இவள் மகள் வயதுதான் இருக்கும். எதைச் சொன்னாலும், "அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்பாளாம். "பசிச்சுதும்மா" என்றிருக்கிறாள் இவள். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருநாள், "பையன்கிட்ட கடைசியா திட்டாம, அழாம என்ன பேசினீங்க?" என்று கேட்டாளாம். இவள் வீடு வரும் வரை யோசித்துக்கொண்டே வந்தாள். என் வாசலில் நின்று சொன்னாள், "ஞாபகம் வந்துடுச்சு பெரியம்மா. 'சாவி எங்கடா'ன்னு கேட்டேன்." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மயக்கத்தில் இருக்கும்போது பேசாதே, தெளிவாக இருக்கும்போது பேசு, மாத்திரையைத் தவிர வேறு எதையாவது பேசு என்று சொல்லிக்கொடுத்தார்களாம். மறுநாள் காலையில் மகனிடம் போய், "நேத்து நல்ல மழைல்ல?" என்றாள். அவன் பதறி எழுந்து உட்கார்ந்து, "என்னம்மா, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றான். அந்த வீட்டில் அம்மா சாதாரணமாகப் பேசி அவ்வளவு நாளாகியிருந்தது.

ஆனாலும் விடவில்லை. தினமும் ஏதாவது பேசினாள். அவன் குளித்துவிட்டு வந்தால், "நல்லா இருக்கேடா" என்பாள். தட்டைக் கழுவி வைத்தால் அதற்கு ஒரு நல்ல வார்த்தை. எனக்கே எரிச்சலாக இருந்தது. தட்டு கழுவுகிறதற்கெல்லாம் பாராட்டா என்று கேட்டேன். "பூட்டைத் திறந்ததுக்குப் பாராட்டுறாரே அவரு, அதுக்கு இது பரவாயில்ல" என்றாள்.

இப்போது உங்கள் பேச்சுக்கு வருகிறேன். எங்கே போகிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் முழங்கால் வலிக்கு வைத்தியம் என்று சொல்லி வைத்தாள். அங்கேதான் மாட்டிக்கொண்டாள். ஏனென்றால் நம் கட்டடத்துத் தையல்காரிக்குக் கண் இரண்டு போதாது, முதுகிலும் வைத்திருப்பாள். முழங்கால் வலி என்கிறவள் படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்குவதைப் பார்த்தாள். தலை வாரி, முகம் கழுவிப் போவதைப் பார்த்தாள். போதாக்குறைக்கு இவள் அவளிடமே ஒரு ரவிக்கை தைக்கக் கொடுத்தாள். பழையது கிழிந்துவிட்டது, வேறென்ன. தையல்காரி அதை நாலு வீட்டில் காட்டி, "முழங்காலுக்கு எதுக்குக்கா புது ரவிக்கை?" என்று கேட்டிருக்கிறாள். அடுத்த வாரம் தையல்காரியின் கொழுந்தனார் டயர் கடை வாசலில் இவளைப் பார்த்தார். அந்தக் கூட்டத்துக்கு வருகிற ஒரு தடித்த மனிதரோடு இவள் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு படியிறங்கினாளாம். அவ்வளவு போதாதா? மூன்று மாதம் அழுதுவிட்டு வந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை. ஒருநாள் சிரித்ததை ஊரே பார்த்துவிட்டது.

நான்தான் போய் அவளிடம் சொன்னேன். பதறுவாள் என்று நினைத்தேன். மெஷினில் சாவியை வைத்துத் திருகிக்கொண்டே, "தெரியும் பெரியம்மா" என்றாள்.

"தெரிஞ்சுமா சும்மா இருக்க? நான் போய் நாலு கேள்வி கேக்கட்டுமா?"

"வேணாம். பேசட்டும். என்னைப் பத்திப் பேசுற வரைக்கும் அவனைப் பத்திப் பேச மாட்டாங்க."

கேட்டுக்கொண்டீர்களா? நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கள்ளப் புருஷன் இருக்கிறான் என்று நீங்கள் சொன்னால் அது அவளுக்குத் தாங்கக்கூடிய பேச்சு. மகன் மாத்திரை போடுகிறான் என்று நீங்கள் பேசப்போவதுதான் தாங்க முடியாத பேச்சு. நாளைக்கு அவன் எழுந்து வேலைக்குப் போனாலும் மாத்திரைக்காரன் என்றுதானே கூப்பிடுவீர்கள்? அதனால் தன் மானத்தை எடுத்து அவன் மேல் போர்வையாகப் போட்டு மூடி வைத்தாள். அந்தப் போர்வையைத்தான் நீங்கள் பிய்த்துப் பிய்த்துப் பார்த்தீர்கள்.

பையன் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தான். சுவர் சாய்கிற கதையை அவளிடம் அப்போதுதான் சொன்னான். அப்பவே ஏன் சொல்லவில்லை என்று கேட்க வந்த நாக்கைக் கடித்துக்கொண்டாளாம். டயர் கடை மாடிக்கு மாதத்துக்கு ஒருமுறை ஒரு மனநல டாக்டர் வருவார். அவரைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். பல நாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாக்டர் வருகிற நாளுக்கு முந்தின நாள் அவனாகவே வந்து கேட்டான், "அந்த டாக்டர் திட்டுவாராம்மா?"

"திட்ட மாட்டாருடா."

"நான் இப்ப வரல. என்னை மாதிரி ஆளுங்களைப் பார்ப்பாரான்னு நீ கேட்டுட்டு வா. பார்ப்பேன்னா வரேன்."

அவள் ஓடி வந்து என்னிடம் சொன்னாள். இந்தச் சம்மதம் அடுப்பில் வைத்த பால் மாதிரி, கவனிக்காவிட்டால் பொங்கி வழிந்து போய்விடும். இந்த முறை தவறினால் இன்னொரு மாதம். ஒரு மாதத்தில் அந்தப் பையன் எங்கே இருப்பானோ, இருப்பானோ மாட்டானோ, யாருக்குத் தெரியும்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குத்தானா அந்த அண்ணன்காரர் வர வேண்டும்? வந்து தம்பியைப் பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய், "ஊரே சிரிக்குதுடா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினார். ரவிக்கை நிறம் வரைக்கும் சொன்னார். பூட்டுக்கடைக்காரர் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் வாசல் கதவுப் பூட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினார். உள்ளேயிருந்தும் சாவி, வெளியேயிருந்தும் சாவி. என்னைப் பார்த்து, "திருட்டுப் பயம் ஜாஸ்தியாயிடுச்சு பெரியம்மா" என்றார். பிறகு வெளியிலிருந்து பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு இறங்கிவிட்டார்.

அவள் கிளம்பி வந்து கதவை இழுத்துப் பார்த்திருக்கிறாள். உள்ளேயிருந்து தட்டினாள்.

"பெரியம்மா, கீழ போய் அவரைக் கூப்பிடுங்க. டாக்டர் போயிடுவாரு."

எனக்கு நிஜமாகவே முழங்கால் வலி. அதோடு இறங்கினேன். கடையில் ஒருத்தன் பூட்டு மாட்டிக்கொண்ட பெட்டியோடு நின்றிருந்தான்.

"சாவியக் குடுப்பா" என்றேன்.

"வீட்ல இருக்கட்டும் பெரியம்மா. இந்த வெயில்ல எங்க அலையப் போறா."

"வெயிலா மழையான்னு அவ பாத்துக்குவா."

"உங்களுக்கு விஷயம் தெரியாது."

"எனக்குத் தெரியாதது எதிர்வீட்ல என்ன இருக்கு? சொல்லு, கேட்டுக்கறேன்."

பெட்டிக்காரன், "அண்ணே, என் பெட்டி" என்றான். இவர் பெட்டியை வாங்கி ஒரு தட்டுத் தட்டி, கட்டைவிரலால் அழுத்தித் திறந்து கொடுத்தார்.

"ஊரான் பெட்டி ஒரே அமுக்குல திறக்குது உனக்கு" என்றேன். "வா மேல. எதுவா இருந்தாலும் அவ மூஞ்சியப் பாத்துக் கேளு."

வந்தார். ஆனால் மூஞ்சியைப் பார்த்துக் கேட்கவில்லை, கதவைப் பார்த்துக் கேட்டார். அதற்குள் படியெல்லாம் ஆள். தையல்காரி அளவெடுக்கிற டேப்பைக் கழுத்தில் போட்டபடியே வந்து நின்றாள், யாருக்கு என்ன அளவு எடுக்க வந்தாளோ.

"எங்க போற?" என்றார் கதவிடம்.

"டயர் கடை மாடிக்கு."

"அங்க யாரு இருக்கா?"

உள்ளே சத்தம் இல்லை.

"பார்த்தீங்களா, பதில் வரல" என்று எங்கள் பக்கம் திரும்பினார். ஜெயித்த முகம் இல்லை அது. அழப்போகிற முகம்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. பிறகு பேசினாள். கத்தவில்லை. எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று நிதானமாகப் பேசினாள்.

"முழங்கால் வலின்னு நான் சொன்னது பொய். எனக்கு ஆளும் கிடையாது. என் பையன் மாத்திரைக்கு அடிமையாயிட்டான். அவனை எப்படிக் காப்பாத்துறதுன்னு எனக்குத் தெரியல. தெரியாததைக் கத்துக்கத்தான் அங்க போறேன். என்னை மாதிரி பெத்தவங்க வராங்க. இன்னிக்கு டாக்டர் வராரு. இவன் கேட்டுட்டு வரச் சொல்லியிருக்கான். இப்ப எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கள்ல. போதுமாங்க?"

ஒரு வருஷமாக மூடி வைத்ததை அந்தப் படிக்கட்டில் போட்டு உடைத்துவிட்டாள். ஒருத்தரும் ஒருத்தரைப் பார்க்கவில்லை. தையல்காரி மட்டும் வாய் சும்மா இருக்காமல், "அப்ப அந்தத் தடிச்ச ஆளு யாருக்கா?" என்றாள்.

"அவரு வீட்லயும் ஒரு பிள்ளை இருக்கு. அதுக்கு மேல சொல்ல மாட்டேன்."

பூட்டுக்கடைக்காரர் கை சட்டைப் பைக்குப் போனது. போய் அங்கேயே நின்றது. சாவியை எடுக்கவும் முடியவில்லை, கையை எடுக்கவும் முடியவில்லை. அப்போது உள்ளேயிருந்து பையன் குரல், "அம்மா, தள்ளு." பூட்டுக்குள் கம்பி உரசுகிற சத்தம்.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கொஞ்ச நேரம் பொறுத்தார். அதற்கு மேல் தாங்கவில்லை.

"அந்தக் கம்பி வேணாண்டா. தடிமன் ஜாஸ்தி, உள்ள உடைஞ்சுடும்."

உரசல் நின்றது. "அப்ப எது?"

"மெல்லிசா ஒண்ணு இருக்கு பார், நுனி வளைஞ்சது. மேஜை டிராயர்ல."

டிராயர் இழுபடும் சத்தம். மறுபடி உரசல். "இடது பக்கம் அமுக்காத. மேல தூக்கிப் பிடி. மெதுவா." சட்டைப் பையில் சாவியை வைத்துக்கொண்டு, கதவில் காதை ஒட்டிக்கொண்டு அந்த மனிதர் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சாவியை எடுத்துக் கொடுத்தால் அது தோல்வி. கம்பியைச் சொல்லிக்கொடுத்தால் அது தொழில். ஆண்பிள்ளைகளின் கௌரவம் எங்கே குடியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டு திறந்தது. பையன் கம்பியும் கையுமாக நின்றான், மெலிந்து, தாடி வளர்ந்து. படியில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்ததும் பின்னால் ஒதுங்கப் பார்த்தான். ஒதுங்கவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டான்.

"எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுடா" என்றாள் அவள். "மன்னிச்சுக்கோ."

"பரவால்ல. நீ போய்க் கேளு. நான் இங்கதான் இருக்கேன்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டி வந்தாள். பூட்டுக்கடைக்காரர் வழியை விட்டு விலகி நின்று, "நானும் வரணுமா?" என்றார், தரையைப் பார்த்து.

"முதல்ல எல்லாரும் இப்படித்தான் கேக்கறாங்க" என்று சொல்லிவிட்டு அவள் நிற்காமல் இறங்கினாள்.

அவர் அன்றைக்குப் போகவில்லை. நடக்காததை நடந்ததாகச் சொல்லமாட்டேன். மகன் பக்கத்தில் கதவோரம் உட்கார்ந்துவிட்டார். படியில் நின்றவர்கள் சுவரோடு சுவராக ஒட்டி வழிவிட்டார்கள். அவள் யாரையும் இடிக்காமல், யாரையும் பார்க்காமல், தெருவில் இறங்கி வேகமாக நடந்தாள். டாக்டர் இருக்கிற நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டுமே.